சீரியல் கன்சோலில் பேசும் குட்டி பூட் மேனேஜர்: அசெம்பிளியில் எழுதுவதற்கான முழு வழிகாட்டி

இதை முடிக்கும்போது 440 பைட்டுக்குள் அடங்கும் ஒரு பூட் மேனேஜர் உங்கள் கையில் இருக்கும். கணினி எழுந்ததும் அது சீரியல் போர்ட்டில் பார்ட்டிஷன் பட்டியலை அனுப்பும். 1 முதல் 4 வரை ஏதாவது ஒரு விசைக்காக ஐந்து நொடி காத்திருக்கும்; எதுவும் வராவிட்டால் முதல் தேர்வையே எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பார்ட்டிஷனின் முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட் துண்டை, ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

புதிதாக எழுதுபவர்கள் பலரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலானோர் முதலில் வட்டைப் படிக்கும் பகுதியை எழுதுகிறார்கள், பிறகு பட்டியலை. சீரியல் கடைசியில்தான் வருகிறது. திரையில்லாத பெட்டியில் இது தலைகீழ் வேலை. சீரியல் போர்ட்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே கண். அது திறக்கும் முன் எழுதிய ஒவ்வொரு வரியும் இருட்டில் எழுதியது. அதனால் இங்கே எழுத்து அனுப்புவது முதலில் வரும், வட்டு கடைசியில் வரும்.

ஒரு சொல் குறிப்பு: கட்டளைகளையும் ரெஜிஸ்டர்களையும் (புராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) உச்சரிக்கிறபடியே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ‘எச்’ என்று முடியும் எண்கள் பதினாறடிமான எண்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

பழைய பயோஸ் முறையில் பூட் ஆகும் எக்ஸ்86 கணினி வேண்டும். பயோஸ் என்பது கணினி எழுந்ததும் முதலில் ஓடும் உள்மென்பொருள். அதற்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள பலகையில் இந்த நிரல் ஓடவே ஓடாது. சிஎஸ்எம் என்ற பழைய முறை இருந்தால் அதை இயக்கிக்கொள்ளுங்கள். வட்டு எம்பிஆர் வகையாக, அதாவது பார்ட்டிஷன் அட்டவணையை முதல் செக்டரிலேயே வைத்திருப்பதாக, இருக்க வேண்டும். புதிய முறையான ஜிபிடி வட்டின் முதல் செக்டரில் இருப்பது இஇஎச் வகை கொண்ட ஒரு காவல் பதிவுதான், அதில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை.

மென்பொருளில் மூன்று போதும்: அசெம்பிளராக நாஸ்ம், சோதனைக்குக் கணினிபோல நடிக்கும் கியூஎமு, எதிர்முனையில் மினிகாம் அல்லது பிகோகாம் போன்ற டெர்மினல் நிரல்.

வன்பொருளில் இரண்டு இடறல்கள் உண்டு. முதலாவது, பூட் ஆகும் கணினியில் 3எஃப்8எச் முகவரியில் பதிலளிக்கும் உண்மையான யூஆர்ட் சில்லு, அதாவது சீரியல் போர்ட்டை இயக்கும் சில்லு, இருக்க வேண்டும். யூஎஸ்பி சீரியல் அடாப்டரை அந்தப் பக்கம் செருகினால் பயனில்லை. அதை இயக்க ஒரு முழு யூஎஸ்பி டிரைவர் வேண்டும், நம்மிடம் இருப்பது 440 பைட். நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் மடிக்கணினிப் பக்கம் அடாப்டர் தாராளமாக இருக்கலாம்.

இரண்டாவது, கணினியின் ஒன்பது முள் போர்ட் ஆர்எஸ்-232 மின்னழுத்தத்தில் பேசும். சிறு பலகைகளுக்கான 3.3 வோல்ட் டிடிஎல் அடாப்டரை நேரடியாக அதில் கொடுத்தால் அடாப்டர் போய்விடும். இரு கணினிகளுக்கு நடுவே நல்-மோடம் கேபிள் வேண்டும். நேர் கேபிளில் அனுப்பும் கம்பி எதிர்ப்பக்கத்தின் அனுப்பும் கம்பியோடு சேரும், யாருக்கும் எதுவும் கேட்காது.

2. முதலில் ஒரு பொய் வட்டு

உண்மையான வட்டைத் தொடுவது கடைசிப் படியில்தான். இப்போது 64 மெகாபைட் அளவில் ஒரு காலிக் கோப்பை உருவாக்கி, எஃப்டிஸ்க் கொண்டு அதில் இரண்டு முதன்மைப் பார்ட்டிஷன்கள் போடுங்கள்.

இரண்டிலும் இயக்குதளம் எதையும் நிறுவ வேண்டாம். அதற்குப் பதிலாக ஒவ்வொன்றின் முதல் செக்டரிலும் ஒரு பொம்மை நிரல் வையுங்கள். ஒன்று சீரியலில் ‘எக்ஸ்’ அனுப்பிவிட்டு நிற்கட்டும், மற்றது ‘ஒய்’ அனுப்பிவிட்டு நிற்கட்டும். உண்மையான இயக்குதளத்தை வைத்துச் சோதித்தால், அது எழாதபோது தவறு உங்களுடையதா அதனுடையதா என்று தெரியாது. பொம்மை நிரலில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்தப் பொம்மைகளை ஐந்தாம் படி முடிந்ததும் எழுதிக்கொள்ளலாம். அனுப்பும் பகுதி அப்படியே அவற்றுக்கும் பயன்படும்.

3. 512 பைட்டில் நமக்கு எவ்வளவு

பயோஸ் வட்டின் முதல் செக்டரை 7சி00எச் முகவரியில் ஏற்றி அங்கே குதிக்கிறது. அந்தச் செக்டரின் 512 பைட்டும் நமக்குச் சொந்தமில்லை.

தொடக்கத்திலிருந்து 440 பைட் நமக்கு. அடுத்த 4 பைட் வட்டின் அடையாள எண். அதன்பின் 2 பைட். 446-இல், அதாவது 1பிஇஎச் இடத்தில், பார்ட்டிஷன் அட்டவணை தொடங்குகிறது: நான்கு பதிவுகள், ஒவ்வொன்றும் 16 பைட். கடைசி இரண்டு பைட் 55எச், ஏஏஎச் என்ற முத்திரை.

பலர் 446 வரை நிரலை நீட்டிவிடுகிறார்கள். ஓடும், பிரச்சினை தெரியாது. ஆனால் வட்டை அடையாள எண்ணால் தேடும் விண்டோஸ் போன்ற இயக்குதளங்கள் அதன்பின் குழம்பும். 440-இல் நிறுத்துங்கள். நிரல் அதைத் தாண்டினால் அசெம்பிளரே பிழை சொல்லும்படி, கடைசியில் டைம்ஸ் கட்டளையால் 440 வரை பூஜ்ஜியம் நிரப்புங்கள். எண்ணிக்கை எதிர்மறையானதும் நாஸ்ம் நின்றுவிடும்.

முத்திரையைச் சொல்லாக எழுதினால் ஏஏ55எச் என்றுதான் எழுத வேண்டும். சிறிய பைட் முதலில் போகும் என்பதால் அது வட்டில் 55, ஏஏ என்று விழும். மாற்றி எழுதினால் பயோஸ் ‘பூட் செய்ய வட்டு இல்லை’ என்று சொல்லி அமைதியாகிவிடும். நீங்களோ நிரலுக்குள் தவறு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

4. எழுந்தவுடன் செய்ய வேண்டிய நான்கு காரியங்கள்

பயோஸ் உங்களிடம் வரும்போது எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, டிஎக்ஸின் கீழ்ப் பாதியான டிஎல் தவிர. அதில் பூட் ஆன வட்டின் எண் இருக்கும்; முதல் வன்வட்டு என்றால் 80எச். சில பயோஸ்கள் இதையும் சரியாகத் தருவதில்லை என்பதால், 80எச்-க்குக் கீழே இருந்தால் 80எச் ஆக்கிக்கொள்வது பழைய வழக்கம்.

வரிசை இது: ஏஎக்ஸைப் பூஜ்ஜியமாக்கி டிஎஸ், இஎஸ், எஸ்எஸ் மூன்றிலும் வையுங்கள். எஸ்எஸ் வைத்த அடுத்த வரியிலேயே எஸ்பி-யில் 7சி00எச் வையுங்கள். நகலெடுப்பு முன்னோக்கிப் போக சிஎல்டி கொடுங்கள். டிஎக்ஸை ஸ்டாக்கில் தள்ளுங்கள். கடைசியாக, குறுக்கீடுகளை அனுமதிக்கும் எஸ்டிஐ.

எஸ்எஸ், எஸ்பி இரண்டுக்கும் நடுவே வேறு கட்டளை வரக்கூடாது. எஸ்எஸ்ஸை மாற்றியதும் அடுத்த ஒரு கட்டளைக்கு மட்டும் புராசசர் குறுக்கீடுகளைத் தள்ளிவைக்கும். அந்த இடைவெளி ஒரு கட்டளைக்குத்தான்.

டிஎக்ஸைத் தள்ளுவதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த தடுமாற்றங்களில் முதலிடம் இதற்குத்தான். 255-க்கு மேற்பட்ட போர்ட் முகவரிக்கு இன், அவுட் கட்டளைகள் டிஎக்ஸ் வழியாகத்தான் போக முடியும். 3எஃப்8எச் அப்படிப்பட்டது. ஆக, சீரியலில் முதல் எழுத்தை அனுப்பும் நொடியிலேயே வட்டின் எண் அழிந்துவிடுகிறது. பட்டியல் அழகாக வரும், விசை வேலை செய்யும், செக்டரைப் படிக்கும்போது மட்டும் பிழை. மணிக்கணக்காக வட்டுப் பகுதியைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். பழுது அங்கே இல்லை.

5. யூஆர்ட்டை எழுப்புதல்

பயோஸின் இன்ட் 14எச் சேவையும் இதே வேலையைச் செய்யும். அதை நான் தவிர்க்கிறேன். அதன் வேகம் வழக்கமாக 9600-உடன் நின்றுவிடும். அதோடு பழைய பாணியில் எழுதிய பயோஸ்கள் எதிர்முனை டிஎஸ்ஆர், சிடிஎஸ் கம்பிகளை உயர்த்தும்வரை காத்திருக்கும். மூன்று கம்பி கேபிளில் அந்தக் கம்பிகளே கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நீண்ட காத்திருப்பும் தோல்வியும்தான் மிஞ்சும். சில்லை நேரடியாகத் தொடுவது சிறியது, எளியது.

3எஃப்8எச்-ஐ அடிப்படை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்:

முதலில் +3 இடத்தில் 80எச். இது டிஎல்ஏபி என்ற கதவைத் திறக்கிறது. இப்போது +0, +1 இரண்டும் வேக வகுத்தியாக மாறியிருக்கும்.

+0 இடத்தில் 1, +1 இடத்தில் 0. சில்லின் 1.8432 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைப் பதினாறால் வகுத்தால் 115200; வகுத்தி 1 என்றால் அதே வேகம். 9600 வேண்டுமானால் 12.

+3 இடத்தில் 03எச். எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு நிறுத்த பிட். கதவும் இதோடு மூடுகிறது.

+1 இடத்தில் 0. குறுக்கீடுகளை அணைக்கிறோம், அவற்றைக் கவனிக்க நம்மிடம் ஆளில்லை. இதைக் கதவு மூடிய பிறகுதான் செய்ய வேண்டும். திறந்திருக்கும்போது எழுதினால் அது வகுத்திக்குப் போய்விடும்.

+2 இடத்தில் 07எச். எழுத்துகள் வரிசையில் காத்திருக்கும் சிறு இடமான ஃபிஃபோவை இயக்கி இரு பக்கமும் காலிசெய்கிறது. ஃபிஃபோ இல்லாத மிகப் பழைய சில்லுகள் இதைக் கண்டுகொள்ளாது, கெடுதல் இல்லை.

+4 இடத்தில் 03எச். டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டையும் உயர்த்துகிறது. இதை விட்டால் சில டெர்மினல்கள் இந்தப் பக்கம் உயிரில்லை என்று நினைத்து எதுவும் அனுப்பாது.

இடத்தை மிச்சப்படுத்த ஒரு வழி: ஒவ்வொரு முறையும் டிஎக்ஸ் முழுவதையும் ஏற்றாதீர்கள். அதற்கு 3 பைட் ஆகும். மேல் பாதி 3 என்று அப்படியே இருப்பதால் டிஎல்லை மட்டும் மாற்றினால் 2 பைட், அடுத்த முகவரிதான் வேண்டுமென்றால் டிஎக்ஸை ஒன்று கூட்ட 1 பைட். இப்படி எழுதினால் மேலே சொன்ன மொத்தமும் 34 பைட்டில் முடிகிறது. இரண்டாவது சீரியல் போர்ட்டின் முகவரி 2எஃப்8எச். கீழ்ப் பாதி ஒன்றே. ஆகவே போர்ட்டை மாற்ற டிஎச் மட்டும் மாறினால் போதும்.

கதவை மூட மறந்தால் என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. நீங்கள் அனுப்பும் எழுத்துகள் எல்லாம் வேக வகுத்தியில் போய் விழுந்துகொண்டிருக்கும். முழு மௌனம் என்றால் முதலில் இதைப் பாருங்கள். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை.

6. ஒரே ஓர் எழுத்து

இப்போது அனுப்பும் துணைநிரல். ஏஎக்ஸைத் தள்ளுங்கள். சில்லின் நிலையைச் சொல்லும் +5 இடத்தைப் படியுங்கள். 20எச் பிட் எழும்வரை, அதாவது அடுத்த எழுத்துக்கு இடம் வரும்வரை, திரும்பத் திரும்பப் படியுங்கள். ஏஎக்ஸை மீட்டு, +0 இடத்தில் ஏஎல்லை எழுதித் திரும்புங்கள். மொத்தம் 14 பைட்.

ஏஎக்ஸைத் தள்ளாமல் விட்டால், அனுப்ப வேண்டிய எழுத்தின் மேலேயே நிலை பைட் வந்து உட்காரும். எந்த எழுத்தை அனுப்பினாலும் அதே குறி திரும்பத் திரும்ப வந்தால் காரணம் இதுதான்.

‘ஏ’ என்ற ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு நிற்கும் நிரலாக இதை அசெம்பிள் செய்யுங்கள். நிரல் ஓடப்போகும் முகவரியை அசெம்பிளருக்குச் சொல்லும் வரி ஓஆர்ஜி 7சி00எச். பட்டியலோ வட்டோ இன்னும் இல்லை. இது வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கியூஎமுவில் ஓட்டும்போது ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நோகிராஃபிக் என்ற விருப்பத்தைத்தான் எல்லோரும் முதலில் கொடுக்கிறார்கள். அதைக் கொடுத்தால் கியூஎமுவுக்குள் இருக்கும் சீபயோஸ் திரைக்குப் போக வேண்டிய எழுத்துகளையும் சீரியலுக்குத் திருப்பிவிடும். இன்ட் 10எச் மூலம் திரையில் எழுதும் நிரல்கூட டெர்மினலில் தெரியும்! சீரியல் பகுதி ஓடுகிறது என்று நம்பிவிடுவீர்கள்; உண்மையான பெட்டியில் மௌனம்.

இதைவிட மோசமானது மறுதிசை. அந்த நிலையில் சீபயோஸ் தானும் சீரியலிலிருந்து விசைகளை எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் அழுத்தும் 2 சில நேரம் உங்கள் நிரலுக்கு வரும், சில நேரம் பயோஸ் விழுங்கிவிடும். ஒருமுறை வேலை செய்து மறுமுறை செய்யாத பழுதைப்போல மனிதனைக் களைக்க வைப்பது வேறில்லை.

அதற்குப் பதிலாக டிஸ்ப்ளே விருப்பத்தை ‘நன்’ என்றும், சீரியலை ‘ஸ்டிடிஐஓ’ என்றும் தனித்தனியாகக் கொடுங்கள். திரைச் சில்லு அப்படியே இருக்கும், சன்னல் மட்டும் திறக்காது. பயோஸ் சீரியலைத் தொடாது.

சர்வர் பலகைகளிலும் இதே கதைதான். பயோஸ் அமைப்பில் கன்சோல் ரீடைரக்‌ஷன் இருந்தால், தொடக்கச் சோதனை முடிந்த பிறகும் அது தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர வேண்டாம் என்று அணைக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். ஒரு போர்ட்டுக்கு ஒரே உரிமையாளர்தான் இருக்க முடியும்.

7. இடம் பெயர்தல்

நாம் ஏற்றப்போகும் செக்டரும் தன்னை 7சி00எச்-இல் எதிர்பார்க்கிறது. நாம் அங்கேயே இருந்தால், வட்டைப் படிக்கும் நொடியில் நம் மேலேயே அது எழுதப்படும். அதனால் முன்கூட்டியே 0600எச்-க்கு நகர்கிறோம். 0400எச் முதல் பயோஸின் தரவுப்பகுதி. அதற்கு மேலே 0600எச் பாதுகாப்பான, வழக்கமான இடம்.

எஸ்ஐ-யில் 7சி00எச், டிஐ-யில் 0600எச், சிஎக்ஸில் 256, பிறகு ரெப் மூவ்எஸ்டபிள்யூ. முடிந்ததும் செக்மென்ட் 0 கொண்ட ஃபார் ஜம்ப். சில பயோஸ்கள் 0000:7சி00 என்றும் சில 07சி0:0000 என்றும் குதிக்கின்றன. ஃபார் ஜம்ப் சிஎஸ்ஸைப் பூஜ்ஜியமாக்கி இந்த வேறுபாட்டை ஒழிக்கிறது.

இனி ஓஆர்ஜி 0600எச் ஆக மாற வேண்டும். லேபிள்கள் எல்லாம் புதிய இடத்தைக் காட்டும். குதிப்பதற்கு முன் உள்ள வரிகளில் எந்த மாறியையும் தொடாதீர்கள். டிஎல்லை மாறியில் சேமித்துவிட்டு நகலெடுத்தால், நகல் வந்து அந்த மாறியை மூடிவிடும். ஸ்டாக்கில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். குதித்த பிறகு எடுத்து மாறியில் போடுங்கள்.

குதித்து, யூஆர்ட்டை எழுப்பி, ‘பி’ என்று ஓர் எழுத்து அனுப்புங்கள். இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து விட்டுக்கொண்டே போவது என் பழக்கம். ஓர் அடையாளத்துக்கு 5 பைட்தான்; எல்லாம் ஓடியதும் நீக்கிவிடலாம்.

8. பட்டியல்

அட்டவணையும் நம்மோடு நகர்ந்துவிட்டது. இப்போது அது 07பிஇஎச்-இல் இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் ஐந்தாவது பைட், அதாவது +4, பார்ட்டிஷனின் வகை. பூஜ்ஜியம் என்றால் காலி. 05எச், 0எஃப்எச் இரண்டும் நீட்டிப்புப் பார்ட்டிஷன்கள். மூன்றையும் தாண்டிவிடுங்கள்.

பெயர்களை எழுத இடமில்லை. எண்ணையும் வகைக் குறியையும் மட்டும் காட்டுங்கள்: ‘1 83’ என்றால் லினக்ஸ், ‘2 07’ என்றால் என்டிஎஃப்எஸ். தன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்கு இது போதும்.

நான்கு பிட்டைப் பதினாறடிமான எழுத்தாக மாற்ற அட்டவணை வேண்டாம். ஏஎல்லை 10-உடன் சிஎம்பி செய்து, 69எச்-ஐ எஸ்பிபி செய்து, டிஏஎஸ் கொடுங்கள். 5 பைட்டில் வேலை முடியும். முதல்முறை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். 5, 10 என இரண்டு மதிப்புகளைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

வரி முடிவில் 0டிஎச், 0ஏஎச் இரண்டையும் அனுப்புங்கள். 0ஏஎச் மட்டும் போனால் டெர்மினலில் வரிகள் படிக்கட்டுபோல வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போகும்.

9. விசையும் கடிகாரமும்

கேபிளைச் செருகும்போதும் மின்சாரம் வரும்போதும் வரியில் ஓரிரு குப்பை பைட்டுகள் தோன்றலாம். காத்திருக்கத் தொடங்கும் முன் +0 இடத்தை 16 முறை கண்ணை மூடிக்கொண்டு படித்து எறியுங்கள். ஃபிஃபோவின் ஆழம் அவ்வளவுதான்.

‘காலியாகும்வரை படி’ என்று எழுதாமல் ஏன் எண்ணிக்கை வைக்கிறேன்? போர்ட்டே இல்லாத கணினியில் அந்த முகவரியைப் படித்தால் எஃப்எஃப்எச் வரும். எல்லா பிட்டும் ஒன்று. அதாவது எழுத்து வந்திருக்கிறது, எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது என்று பொருளாகிவிடும். அந்தச் சுழற்சி முடியவே முடியாது.

காத்திருக்கும் சுழற்சியில் இரண்டு கேள்விகள்: +5 இடத்தில் கடைசி பிட் எழுந்ததா, நேரம் முடிந்ததா. தவறான விசை வந்தாலும் நேரத்தைப் பார்க்கும் இடத்துக்கே திரும்ப வேண்டும். விசையைப் பார்க்கும் இடத்துக்குத் திரும்பினால், மேலே சொன்ன எஃப்எஃப்எச் பெட்டியில் நேரம் ஒருபோதும் முடியாது.

விசையைச் சோதிக்க ஒரே ஒப்பீடு போதும். ஏஎல்லிலிருந்து 31எச்-ஐக் கழியுங்கள். மீதி 3-ஐவிடப் பெரிது என்றால் தள்ளிவிடுங்கள். குறியில்லா ஒப்பீடு என்பதால் 31எச்-க்குக் கீழே உள்ளவையும் பெரிய எண்ணாக மாறி அதே வலையில் விழும். 0 முதல் 3 வரையிலான மீதியைப் பதினாறால் பெருக்கி 07பிஇஎச்-ஐக் கூட்டினால் பதிவின் முகவரி. வகை பூஜ்ஜியமா என்று மறக்காமல் பாருங்கள். இல்லாத பார்ட்டிஷனின் எண்ணையும் யாராவது ஒருவர் அழுத்துவார்.

கடிகாரம் 046சிஎச் முகவரியில் ஓடிக்கொண்டிருக்கிறது, நொடிக்கு 18.2 துடிப்பு. ஐந்து நொடிக்கு 91. தொடக்க மதிப்பை வைத்துக்கொண்டு, இப்போதைய மதிப்பிலிருந்து கழித்து, 91-ஐத் தாண்டியதா என்று குறியில்லாமல் ஒப்பிடுங்கள். ‘இந்த எண்ணுக்குச் சமமா’ என்று கேட்காதீர்கள். நள்ளிரவில் அந்த எண்ணி பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். கழித்தல் முறையில் அப்போது நேரம் முன்கூட்டியே முடிந்து முதல் தேர்வு பூட் ஆகும், அவ்வளவுதான். சமம் கேட்டால் குறித்த எண் வராமலே போய், பெட்டி நெடுநேரம் நின்றுவிடும்.

நேரம் நகரவே இல்லையா? நான்காம் படியின் எஸ்டிஐ விட்டுப்போயிருக்கும்.

10. செக்டரை ஏற்றுதல்

பயோஸின் வட்டுச் சேவை இன்ட் 13எச், ஏஎச் 42எச். இதற்கு 16 பைட் கொண்ட ஒரு சிறு பொட்டலம் நினைவகத்தில் வேண்டும்: முதல் பைட் 10எச், அடுத்தது 0, பிறகு செக்டர் எண்ணிக்கை 1, பிறகு ஆஃப்செட் 7சி00எச், செக்மென்ட் 0, கடைசி எட்டு பைட் தொடக்க எல்பிஏ எண், அதாவது வட்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய செக்டர் எண். ஆஃப்செட் முன்னால், செக்மென்ட் பின்னால். பேசும்போது சொல்லும் வரிசைக்கு நேர்மாறு. இதை மாற்றிப் போட்டு 0000:7சி00-க்குப் பதிலாக 7சி00:0000-இல் ஏற்றிவிட்டு, பழைய குப்பைக்குள் குதித்தவர்கள் உண்டு.

எல்பிஏ எண் பதிவின் +8 இடத்தில் நான்கு பைட்டாக இருக்கிறது. அதை நகலெடுங்கள்; மேல் நான்கு பைட்டும் பூஜ்ஜியம். பொட்டலத்தின் முகவரி எஸ்ஐ-யில் போக வேண்டும் என்பதால் பதிவின் முகவரியை முன்பே ஸ்டாக்கில் தள்ளுங்கள். டிஎல்லில் சேமித்த வட்டின் எண்.

கேரி கொடி எழுந்தால் பிழை. மீண்டும் முயல்வதானால் பொட்டலத்தில் எண்ணிக்கையை மறுபடி 1 என்று எழுதுங்கள். பிழையின்போது பயோஸ் அந்த இடத்தில் ‘எத்தனை செக்டர் படித்தேன்’ என்று எழுதிவைக்கும்; பெரும்பாலும் 0. அப்படியே மறுபடி கூப்பிட்டால் பூஜ்ஜியம் செக்டர் படிக்கச் சொன்னதாகும். நான் மறுமுயற்சி வைப்பதில்லை. ‘இ’ என்று அனுப்பிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்புகிறேன். மறுபடி அழுத்துவது கையில் இருக்கிறது.

படித்த பிறகு 7டிஎஃப்இஎச்-இல் ஏஏ55எச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே பூட் நிரல் இல்லை. ‘எஸ்’ அனுப்பிப் பட்டியலுக்குத் திரும்புங்கள்.

11. ஒப்படைத்தல்

குதிக்கும் முன் +5 இடத்தில் 40எச் பிட் எழும்வரை காத்திருங்கள். அனுப்பும்போது பார்த்த 20எச் வேறு. அடுத்த எழுத்துக்கு இடம் இருக்கிறது என்பது அது; கடைசி பிட்டும் கம்பியில் போய்விட்டது என்பது இது. காத்திருக்காமல் குதித்தால் அடுத்த நிரல் யூஆர்ட்டைத் தன் பங்குக்கு மறுபடி அமைத்து, உங்கள் கடைசி எழுத்துகளைத் துடைத்துவிடும்.

டிஎல்லில் வட்டின் எண், எஸ்ஐ-யில் பதிவின் முகவரி, டிஎஸ் பூஜ்ஜியம். பதிவின் முதல் பைட்டில் 80எச் எழுதுங்கள், நினைவகத்தில் மட்டும். வட்டில் எழுத வேண்டாம். சில பூட் செக்டர்கள் எஸ்ஐ வழியாகத் தங்கள் பதிவைத் தேடும். பிறகு 0000:7சி00-க்கு ஃபார் ஜம்ப்.

பொம்மை வட்டில் 1 அழுத்தினால் ‘எக்ஸ்’, 2 அழுத்தினால் ‘ஒய்’ வர வேண்டும். வந்தால் உங்கள் வேலை சரி.

உண்மையான இயக்குதளத்தில் குதித்தபின் மௌனம் என்றால் பதற வேண்டாம். பல பூட் செக்டர்கள் திரையோடு மட்டும்தான் பேசும். லினக்ஸாக இருந்தால் கர்னலின் கன்சோல் அளவுருவில் டிடிஒய்எஸ்0 என்றும் 115200 என்றும் கொடுத்திருக்க வேண்டும். வேகம் வேறாக இருந்தால் அதன் முதல் வரியிலிருந்தே குப்பைதான். ஃபேட் பார்ட்டிஷன் எழாவிட்டால் அதன் பூட் செக்டரில் 1சிஎச் இடத்தில் இருக்கும் மறைந்த செக்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். பார்ட்டிஷனை நகர்த்தியபோது இது பழைய எண்ணாகவே நின்றிருக்கலாம்.

12. உண்மையான வட்டில் எழுதுதல்

எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் லினக்ஸ் இப்போது எப்படி எழுகிறது? லினக்ஸின் பூட் நிரலான குரப் எம்பிஆரில் இருந்தால், பார்ட்டிஷனின் முதல் செக்டரில் பூட் நிரல் எதுவும் இருக்காது. நமது மேனேஜரை எழுதியதும் குரப் போய்விடும். 1 அழுத்தினால் ‘எஸ்’ மட்டும் வரும். முன்னதாகவே பார்ட்டிஷனின் பூட் செக்டரில் குரப்பையோ எக்ஸ்ட்லினக்ஸையோ நிறுவுங்கள். இஎக்ஸ்டி4 முதல் 1024 பைட்டைக் காலியாக விடுவதால் அங்கே இடம் உண்டு. எக்ஸ்எஃப்எஸ் தன் சூப்பர்பிளாக்கை முதல் செக்டரிலேயே வைக்கிறது; அங்கே பூட் நிரல் எழுதினால் கோப்பு முறைமை போய்விடும். அத்தகைய பெட்டியில் தனியாக ஒரு சிறிய இஎக்ஸ்டி4 பூட் பார்ட்டிஷன் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி வட்டின் பெயரை அளவோடு சேர்த்துச் சரிபாருங்கள். பெயரை நினைவிலிருந்து அடிக்காதீர்கள். முதல் செக்டரின் 512 பைட்டையும் நகலெடுக்கும் கட்டளையான டிடி கொண்டு ஒரு கோப்பாக எடுத்து, அந்தக் கோப்பை வேறு வட்டில் வையுங்கள். அதே வட்டில் வைத்த காப்பு, பூட்டிய பெட்டிக்குள் வைத்த சாவி.

எழுதும்போது டிடியின் பிஎஸ் 440, கவுன்ட் 1. நாஸ்ம் தந்த கோப்பு 512 பைட்டாக இருக்கிறதே என்று முழுவதையும் எழுதினால், உங்கள் கோப்பில் உள்ள பூஜ்ஜியங்கள் பார்ட்டிஷன் அட்டவணையின் மேல் போய் உட்காரும். வட்டில் தரவு அப்படியே இருக்கும், ஆனால் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. பொம்மை வட்டுக் கோப்பில் எழுதும்போது கூடவே நோட்ரங்க் என்ற மாற்றியையும் கொடுங்கள்; இல்லாவிட்டால் 64 மெகாபைட் கோப்பு 440 பைட்டாகச் சுருங்கிவிடும்.

55எச், ஏஏஎச் முத்திரை வட்டில் முன்பே இருக்கும், அதைத் தொட வேண்டியதில்லை. திரும்பிப் போக வேண்டுமானால் காப்புக் கோப்பின் முதல் 440 பைட்டை மட்டும் அதே டிடியால் எழுதுங்கள். நடுவில் பார்ட்டிஷன்களை மாற்றியிருந்தால் 512-ஐயும் திருப்பி எழுதாதீர்கள். பழைய அட்டவணையும் சேர்ந்து வந்துவிடும்.